இஞ்ச்கேப் பிரபு: வடசென்னை மறந்துபோன ஒரு முதலாளி

பாரிமுனையில் இருந்து விம்கோ நகர் வரைக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் வழியெல்லாம் கம்பெனிப் பெயர்களைத்தான் படித்துக்கொண்டு போகிறார்கள். புறப்படும் இடமே 1788ல் மதராஸ் வந்த தாமஸ் பாரியின் பெயரில் இருக்கிறது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு. எண்ணூரில் லேலண்டு. விம்கோ நகர் என்ற பெயரும் 1923ல் சுவீடன்காரர்கள் ஆரம்பித்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான். தீப்பெட்டிக் கம்பெனி பெயர் ஊர்ப்பெயராகி, ரயில்வே ஸ்டேஷன் பெயராகி, 2021 பிப்ரவரியில் மெட்ரோ ஸ்டேஷன் பெயராகவும் ஆகிவிட்டது.

ஆனால் இந்த வழியில் எந்த போர்டிலும் இல்லாத ஒரு பெயர் உண்டு. இங்கே எழுதப்பட்டிருக்கும் பல பெயர்களை விட வடசென்னைக் குடும்பங்களின் வாழ்க்கையில் அதிகம் புகுந்து விளையாடிய பெயர் அது. இஞ்ச்கேப் பிரபு. முழுப்பெயர் ஜேம்ஸ் லைல் மெக்கே, முதலாம் இஞ்ச்கேப் ஏர்ல். பிரிட்டனின் பரம்பரைப் பிரபுக்களில் ஒருவர். பிறப்பால் அல்ல, கப்பலால், பஞ்சால், தேயிலையால் பிரபு ஆனவர்!

சரி, யார் இந்த இஞ்ச்கேப்?

1852 செப்டம்பர் 11ல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஆர்ப்ரோத் என்ற ஊரில் பிறந்தார். காசிமேட்டுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அது ஒரு மீன்பிடித் துறைமுகம். புகை போட்ட மீனுக்குப் பேர்போன ஊர். அப்பா கப்பல்காரர். சிறு வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்த பையன், லண்டனில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் சாதாரண குமாஸ்தா ஆகி, 1874ல் கல்கத்தா வந்து மெக்கின்னன் மெக்கன்ஸி கம்பெனியில் சேர்ந்தார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் (சுருக்கமாக பி.ஐ.) கப்பல்களை இந்தியாவில் நடத்திய ஏஜெண்டு நிறுவனம் அதுதான்.

அதன்பிறகு எல்லாமே ஏறுமுகம். அந்தக் கம்பெனியின் கூட்டாளி. வங்காள வர்த்தக சபையின் தலைவர். வைஸ்ராயின் சட்டசபையில் உறுப்பினர். 1894ல் சர் பட்டம். 1897ல் இருந்து 1911 வரை லண்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசனை சொல்லும் இந்தியா கவுன்சிலில் உறுப்பினர். 1902ல் சீனாவோடு பிரிட்டன் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையைப் பேசி முடித்தவரும் இவர்தான். 'மெக்கே உடன்படிக்கை' என்றே அதற்குப் பெயர். 1911ல் பாரன், 1924ல் வைகவுண்ட், 1929ல் ஏர்ல். 1914ல் பி.ஐ. கம்பெனியும் பி அண்டு ஓ கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. 1915ல் இருந்து 1932ல் சாகும் வரைக்கும் அந்த மாபெரும் கப்பல் சாம்ராஜ்யத்தின் தலைவர். அல்பேனியா நாட்டு ராஜா பட்டத்தையே ஒருமுறை இவருக்குத் தருவதாகக் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு.

பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பெயர் கவனிக்க வேண்டியது. இஞ்ச்கேப் என்பது ஊர் அல்ல, ஒரு பாறை. ஆர்ப்ரோத்துக்கு எதிரே கடலுக்குள் அலைக்கு அடியில் மறைந்து கிடந்து, எத்தனையோ கப்பல்களை உடைத்த பாறை. பிற்பாடு அதன்மேல் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். கப்பல் முதலாளி ஒருவர் கப்பல் உடைக்கும் பாறையின் பெயரைப் பட்டமாக வைத்துக்கொண்டது தற்செயல்தான். பிறந்த ஊர்ப் பாசம். ஆனால் தூத்துக்குடிக்காரர்களுக்கு அது தற்செயலாகத் தெரியாது!

இரண்டு அக்டோபர் சம்பவங்கள்

1906 அக்டோபர் 16. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்படுகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை ஏகபோகமாகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தது பி.ஐ. கம்பெனி. பிறகு நடந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சுதேசிக் கம்பெனி காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கியது. பி.ஐ. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு ரூபாய்க்குக் கொண்டுபோனது. அதுவும் போதாமல் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை இலவசம் என்றும் இறங்கியதாக வ.உ.சி. வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பாடப்புத்தகத்தில் 'வெள்ளையர் கம்பெனி' என்று மட்டும் இருக்கும். அந்தக் கம்பெனிக்கு முகம் கிடையாது. முகம் கொடுத்துப் பார்த்தால் அங்கே நிற்பவர்களில் முக்கியமானவர் சர் ஜேம்ஸ் மெக்கே.

1906 அக்டோபர் 22. ஆறே நாள் கழித்து மதராஸில் அர்பத்நாட் பேங்க் திவால். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயே போச்சு. அந்த அடியில் ஆட்டம் கண்ட கம்பெனிகளில் ஒன்று பின்னி. பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில்லையும் கர்நாட்டிக் மில்லையும் நடத்திக்கொண்டிருந்த அதே பின்னி. அதைக் கைதூக்கிவிட்டுத் தன் பிடிக்குள் கொண்டுவந்தவர் யார்? அதே மெக்கே.

ஒரே மாதத்தில் தமிழ்நாட்டின் தெற்கே கடலில் ஒரு தமிழர் கம்பெனி இவருடைய கம்பெனிக்குப் போட்டியாக எழும்புகிறது. வடக்கே மதராஸில் ஒரு பெரிய மில் கம்பெனி இவர் கைக்கு வரும் பாதையில் விழுகிறது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. மெக்கே பாரன் இஞ்ச்கேப் ஆகிவிட்டார். இரண்டும் 1911ல்தான் நடந்தன.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். வ.உ.சி.யை ஜெயிலுக்கு அனுப்பியது மெக்கே என்று எழுதினால் அது வரலாறு ஆகாது, சினிமா வசனம் ஆகிவிடும். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தது கலெக்டர் விஞ்ச்சின் நிர்வாகம். இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 வருடம் என்று தீர்ப்பு எழுதியது நீதிபதி பின்ஹே. பிறகு மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். இதில் எந்தக் காகிதத்திலும் மெக்கே கையெழுத்து போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 1906ல் இருந்து 1908 வரை தூத்துக்குடியில் இந்தப் போட்டி நடந்துகொண்டிருந்த காலம் முழுக்க, பி.ஐ. கப்பல்களின் ஏஜெண்டு நிறுவனத்தில் கூட்டாளியாக இருந்த அதே மனிதர், இந்தியாவை ஆளுகிற மந்திரியின் கவுன்சிலிலும் உட்கார்ந்திருந்தார். ஒரே ஆளுக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்கார்ந்து வியாபாரம், இன்னொன்றில் உட்கார்ந்து ஆட்சி. எதிராளிக்கு இருந்தது ஒரே நாற்காலிதான். அதையும் கோயம்புத்தூர் ஜெயிலில் செக்கு இழுக்கவிட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இது இந்தக் காலத்து அளவுகோலை வைத்து அந்தக் காலத்து மனிதரை அளக்கிற வேலை என்று சிலர் சொல்லலாம். அப்படி இல்லை. 1910ல் வைஸ்ராய் பதவிக்கு மெக்கேயின் பெயர் பலமாக அடிபட்டது. மந்திரி மார்லி இவர் பக்கம். ஆனால் பிரதமர் அஸ்குவித் ஒப்புக்கொள்ளவில்லை, ஹார்டிஞ்ச்தான் வைஸ்ராயாக வந்தார். இவ்வளவு வியாபாரத் தொடர்பு உள்ளவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது சரியாக இருக்காது என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம் என்று சொல்கிறார்கள். ஆக, தப்பு எங்கே என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. வைஸ்ராய் நாற்காலிக்குப் பொருந்துகிற நியாயம் கவுன்சில் நாற்காலிக்கு ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விக்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை.

மில்லுக்குள்ளே

கடலில் நடந்தது பெரம்பூரிலும் நடந்தது. 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறைப்படி அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. ஆகியோரின் உழைப்பு அது. தொழிலாளர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டித் தரச் சொல்லி. பத்து நிமிஷம் கூடுதல்! கேட்டது அவ்வளவுதான்.

1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள். வாடியா மீதும் சங்கத்தினர் மீதும் பின்னி கம்பெனி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை வேலைக்குப் போகாதபடி தூண்டினார்கள், அதனால் கம்பெனிக்கு நஷ்டம் என்பது வழக்கு. கோர்ட்டும் தடை உத்தரவு போட்டது. சங்கம் வைப்பதே நஷ்ட ஈடு கட்ட வேண்டிய குற்றமா என்று நாடே கேட்கத் தொடங்கியது. 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். 1921ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம். மறுபடியும் துப்பாக்கிச் சூடு. அதோடு புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல், தீ வைப்பு. தொழிலாளி ஒற்றுமை சாதியில் வந்து உடைந்தது. அந்தப் பழியை முழுக்க லண்டனில் இருந்த முதலாளி தலையில் போட முடியாது. அது இந்த ஊர்க்காரர்களின் சொந்தச் சரக்கு. ஆனால் உடைந்ததால் லாபம் யாருக்கு என்று கேட்கலாம்.

இதில் இன்னொரு விஷயம். ஜெயிலில் இருந்து வந்த வ.உ.சி. சென்னையில் சில வருடங்கள் வாழ்ந்தார். பெரம்பூரிலும் இருந்தார். வக்கீல் சன்னது பறிபோனதால் சில்லறை வியாபாரம் செய்து பிழைத்தார். அந்த நாட்களில் தொழிலாளர் இயக்கத்தோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. கடலில் எந்தக் கூட்டத்தோடு மோதித் தோற்றாரோ, அதே கூட்டத்தின் மில் புகையைப் பார்த்துக்கொண்டுதான் பெரம்பூரில் குடியிருந்திருக்கிறார்!

இவரைப் பாராட்டுகிறவர்கள் சொல்வது

மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் கட்டுரை ஒரு கண் குருடாகிவிடும்.

முதலாவது, அப்பா அம்மா இல்லாத ஒரு பையன் யார் சிபாரிசுப் பணமும் இல்லாமல் உலகத்தின் மிகப் பெரிய கப்பல் கூட்டங்களில் ஒன்றுக்குத் தலைவர் ஆனது சாதாரண விஷயம் இல்லை. கணக்கில் புலி. உழைப்பில் பேய்.

இரண்டாவது, 1922-23ல் இந்திய அரசின் செலவைக் குறைக்க அமைத்த கமிட்டிக்கு இவர்தான் தலைவர். இஞ்ச்கேப் கமிட்டி என்று பொருளாதாரம் படிக்கிற மாணவர்கள் ஒரு வரியில் படித்துவிட்டுப் போவது இதைத்தான். சுமார் 19 கோடி ரூபாய் செலவைக் குறைக்கச் சொன்னார். ராணுவச் செலவிலும் தைரியமாகக் கை வைத்தார். இது நல்ல காரியம்தான். ஆனால் அதே 1923ல் பட்ஜெட் துண்டு விழுந்ததைச் சரிக்கட்ட உப்பு வரியை இரண்டு மடங்காக்கினார்கள். சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் தன் அதிகாரத்தால் நிறைவேற்றினார். எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்தில் கால் வெடித்தவனுக்குக் கமிட்டியின் சிக்கனத்தால் என்ன மிச்சம் ஆனது?

மூன்றாவது, அவருடைய மகள் எல்சி மெக்கே. சினிமாவில் நடித்தவர், விமானம் ஓட்டியவர். 1928 மார்ச் 13ல் கேப்டன் ஹிஞ்ச்லிஃபோடு அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டுத் திரும்பி வரவே இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் கிளம்பிய பயணம் அது. மகள் நினைவாக 5 லட்சம் பவுனை பிரிட்டிஷ் அரசுக்கே கொடுத்தார். பல ஆண்டுகள் வட்டியோடு வளரவிட்டு நாட்டின் கடனை அடைக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெற்ற மகளைக் கடலுக்குக் கொடுத்த அப்பாவின் துக்கத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அந்தப் பவுன்களில் ஒரு பங்கு ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் கொடுத்த டிக்கெட் காசு. அடைந்தது பிரிட்டனின் கடன்.

ரஜுலா கப்பலை ஞாபகம் வைத்திருக்கிற தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். 1926ல் கட்டிய பி.ஐ. கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை அந்தக் கம்பெனிக்காக ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. ஒரு தலைமுறையே அதில் ஏறி மலேயா போனது. இஞ்ச்கேப் தலைமையில் கட்டிய கப்பல் என்பது மட்டும் அதில் போன யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சுதேசிக் கம்பெனி தோற்றதற்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் அடுத்த கதையையும் படிக்க வேண்டும். 1919ல் வால்சந்த் ஹிராசந்த் போன்றவர்கள் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்தார்கள். பணமும் பலமும் உள்ள பம்பாய் முதலாளிகள். அவர்களையே இஞ்ச்கேப் தரப்பு 1923ல் பத்து வருட ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து போட வைத்தது. இன்ன அளவுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்ளக் கூடாது, இன்ன தடத்துக்கு வெளியே போகக் கூடாது என்று. பம்பாய்ப் பணக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், 25 ரூபாய்ப் பங்கு விற்றுக் கப்பல் வாங்கியவர் எந்த மூலைக்கு?

பரம்பரை என்றால் என்ன?

இஞ்ச்கேப் 1932 மே 23ல் மொனாக்கோவில் தன் உல்லாசப் படகிலேயே இறந்தார். பட்டம் மகனுக்குப் போனது. 1939ல் பேரனுக்குப் போனது. அந்தப் பேரன், மூன்றாம் ஏர்ல், 1958ல் குடும்பத்து வியாபாரங்களை எல்லாம் திரட்டி இஞ்ச்கேப் அண்டு கோ என்று பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தாத்தா உட்கார்ந்த பி அண்டு ஓ தலைவர் நாற்காலியிலும் 1973ல் இருந்து பத்து வருடம் உட்கார்ந்தார். கூடவே பிரபுக்கள் சபையில் ஓர் இடம். ஓட்டு கேட்காமல், தேர்தலில் நிற்காமல், பிறந்ததால் மட்டும் வந்த இடம். 1999ல்தான் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு, 92 பேரை மட்டும் விட்டுவைத்துவிட்டு, பரம்பரைப் பிரபுக்களை வெளியே அனுப்பியது.

பெரம்பூர் பக்கம் என்ன பரம்பரை வந்தது? 1996ல் மில் மூடப்பட்டது. சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுக்கிற இடமாகக் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு நிலம் கைமாறி அடுக்குமாடிகள் எழும்பின. மூன்று தலைமுறை நூல் நூற்ற குடும்பத்துக்கு அந்த மில்லில் ஒரு செங்கல் பாத்தியதை கிடையாது. ஒரு பக்கம் உழைக்காத பேரனுக்கும் சட்டம் போடுகிற நாற்காலி பரம்பரையாக வரும். இன்னொரு பக்கம் உழைத்தவனின் பேரனுக்கு மில் வாசலில் நிற்கக்கூட உரிமை வராது. ஒரே கம்பெனியின் இரண்டு முனைகள் இவை.

கதை அங்கேயும் முடியவில்லை. 2001ல் சென்னைத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையத்தை 30 வருடக் குத்தகைக்கு எடுத்தது யார் தெரியுமா? பி அண்டு ஓ போர்ட்ஸ்! 2006ல் பி அண்டு ஓ கம்பெனியையே துபாயின் டி.பி.வேர்ல்டு வாங்கியபோது இந்த முனையமும் சேர்ந்து கைமாறியது. திருவொற்றியூர், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்ற டிரெய்லர்களுக்கு நடுவே பைக்கை வளைத்து வளைத்து ஓட்டிக் காலேஜுக்குப் போனவர்கள், இஞ்ச்கேப் கட்டிய சாம்ராஜ்யத்தின் கடைசி மிச்சத்துக்கு நடுவேதான் போயிருக்கிறார்கள். இஞ்ச்கேப் பெயரில் மிஞ்சிய கம்பெனி கப்பலையும் பஞ்சையும் விட்டுவிட்டு கார் விநியோகத்துக்குப் போய்விட்டது.

ஆக, இந்த மனிதரை எப்படி எடைபோடுவது? வில்லன் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. 'குமாஸ்தாவாக இருந்து கோடீஸ்வரர் ஆனவர்' என்று தன்னம்பிக்கைப் புத்தகக் கணக்கில் எழுதினாலும் அதே நஷ்டம்தான். உழைத்தார், உண்மை. வ.உ.சி.யும்தான் உழைத்தார். சாமர்த்தியசாலி, உண்மை. அந்தச் சாமர்த்தியம் பலித்தது ஆட்சியின் கதவு அவருக்குத் திறந்தும் எதிராளிக்குச் சாத்தியும் இருந்ததால். ஒருவருடைய வெற்றிக்கதையைப் படிக்கும்போது அவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று மட்டும் பார்த்தால் போதாது. போட்டியின் விதிகளை எழுதிய அறையில் அவர் உட்கார்ந்திருந்தாரா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வி 1932ல் மொனாக்கோவில் செத்துப் போகவில்லை. வடசென்னையில் கடற்கரையும் துறைமுகமும் இப்போதும் யாருக்கோ கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அரிப்பில் வீடு போன மீனவருக்கும், ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவருக்கும், அனுமதி கொடுக்கிற கமிட்டியில் இருப்பவருக்கும் அனுமதி வாங்குகிற கம்பெனிக்கும் என்ன உறவு என்று கேட்கிற உரிமை உண்டு. முதலாளியின் நிறம் மாறியதால் அந்தக் கேள்வி செல்லாமல் போய்விடாது.

விம்கோ நகரில் ஸ்டேஷனுக்குப் பெயர் வைத்தது மாதிரி இஞ்ச்கேப்புக்கும் ஒரு போர்டு வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. போர்டு வேண்டாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'வெள்ளையர் கம்பெனி' என்று வருகிற இடத்தில், அடைப்புக்குறிக்குள் அந்தக் கம்பெனியின் பெயரையும், அதன் பின்னால் இருந்தவர்களின் பெயரையும், அவர்கள் எந்தெந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் போட்டால் போதும். படிக்கிற பிள்ளைகள் மிச்சத்தை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.